நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவதற்கு யோசனைகள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதில் மூன்றாவது யோசனை ஒரே வரி. பின்னணியில் ஓடும் வேண்டாத புரோகிராம்களை, என்னென்ன ஓடுகிறது என்று விண்டோஸ் காட்டுகிற டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நம்பி எனக்கு ஒன்றரை நாள் வியாபாரம் போயிற்று. தங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. ஆனால் 'வேண்டாத' என்று அச்சடித்தீர்களே, எது வேண்டாதது என்று இன்னும் ஒரு அரை வரி சேர்த்திருக்கலாம்.

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, டிடிபி, லேமினேஷன், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, வில்லங்கம் என்று ஆன்லைனில் போடுகிற எல்லா விண்ணப்பமும் உண்டு. கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் கொடுப்போம். இருப்பது இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று சுமாராக ஓடும். இன்னொன்று 2017இல் வாங்கியது, ராம் என்கிற தற்காலிக நினைவகம் 4 ஜிபி, பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்து, பேப்பரில் தலைப்புச் செய்தி பார்த்துவிட்டு வந்தாலும் நீல வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. வாடிக்கையாளர் போனுக்கு ஓடிபி வரும், அவர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார், நம் திரையில் கட்டம் வந்து நிற்பதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். 'மறுபடி அனுப்பச் சொல்லுங்க' என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்கிறேன். இந்த நிலையில் இருப்பவன் தங்கள் மூன்றாவது யோசனையைப் படித்தால் என்ன செய்வான்? திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் வேலையாகக் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன்.

டாஸ்க் மேனேஜர் திறந்து பட்டியல் விரிந்தது. 'ஆப்ஸ்' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் 2. சரி, நான் திறந்து வைத்தவை இரண்டுதான். அதற்குக் கீழே 'பேக்ரவுண்ட் புராசஸஸ்', அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பவை, 58. அதற்கும் கீழே 'விண்டோஸ் புராசஸஸ்' 83. கடைக்குள் நானும் வேலை பார்க்கும் பெண்ணும் இரண்டு பேர், பெட்டிக்குள்ளே நூற்று நாற்பத்து மூன்று பேர். கல்யாண மண்டபத்தில் இரண்டாவது பந்தியை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள், யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு, யார் சும்மா வந்து உட்கார்ந்தவர் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

சிலரை முகம் பார்த்ததும் தெரிந்தது. ஒரு பிரிண்டரின் பெயர் போட்டு 'அப்டேட்டர்' என்று ஒன்று. அந்தப் பிரிண்டரை மூன்று வருடத்துக்கு முன்பே காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். இறந்துபோன முதலாளி வீட்டுத் திண்ணையில் தினமும் வந்து உட்காரும் கணக்குப்பிள்ளை மாதிரி, அந்தப் பிரிண்டருக்குப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று இது தினமும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், 2020இல் பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்காக ஏற்றிய வீடியோ அழைப்பு சாஃப்ட்வேர் ஒன்று. பேத்தி இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள், இது இன்னும் வகுப்பு தொடங்கக் காத்திருக்கிறது. அப்புறம் பிரவுசர். அதை மூடி வைத்திருந்தேன். மூடினாலும் பின்னால் நான்கைந்தாக ஓடிக்கொண்டிருந்தது. மூடிய பிறகும் பின்னணியில் ஓடலாம் என்று அதன் செட்டிங்ஸுக்குள் ஒரு அனுமதி உண்டாம். அது நான் கொடுக்காமலே கொடுக்கப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொடுக்கி 'எண்ட் டாஸ்க்' கொடுத்தேன். மறைந்தன. ஐயா, அந்தச் சுகத்தை என்ன சொல்ல! வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காதவரை எழுந்திரு என்று சொல்ல எத்தனை கல்யாணத்தில் வாய் வரை வந்து விழுங்கியிருப்போம். இங்கே ஒரு பட்டனை அழுத்தினால் எழுந்து போய்விடுகிறார்கள். கை அடங்கவில்லை. அங்கேதான் சனியன் பிடித்தது.

'டீடெயில்ஸ்' என்று ஒரு பக்கம் இருந்தது, அதற்குள் போனேன். அங்கே எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரே பெயரில் அறுபதுக்கு மேல். வாக்காளர் பட்டியலில் முருகன், முருகன் என்று வந்தாலும் பக்கத்தில் தகப்பன் பெயராவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. ஒரே ஆள் அறுபது முறை சாப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். என் மகன் பிறகு விளக்கினான். விண்டோஸின் உள்வேலைகள் நிறைய உண்டு, ஒவ்வொன்றும் தனியாக நடக்கத் தெரியாதவை, அவற்றைச் சுமந்து செல்லும் வண்டிதான் இந்த எஸ்விசிஹோஸ்ட். முன்பெல்லாம் பத்துப் பேரை ஒரே வேனில் ஏற்றினார்கள், ஒருவன் தகராறு செய்தால் வேனே கவிழ்ந்தது. 2017இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருக்கிற மெஷினில் பெரும்பாலும் ஆளுக்கொரு ஆட்டோ. என்னுடையது 4 ஜிபி. அரை ஜிபி வித்தியாசத்தில் அந்த வசதி எனக்கும் கிடைத்து, பட்டியலும் நீண்டுவிட்டது. நல்ல வேளை, அறுபதைப் பார்த்துப் பயந்து அதில் கை வைக்கவில்லை.

பட்டியலில் மேலே ஒருவர் இருந்தார், 'சிஸ்டம் ஐடில் புராசஸ்'. மெஷினின் மூளையான சிபியுவுக்கு உரிய கட்டத்தில் 96. மெஷினை முழுங்கும் திருடன் இவன்தான் என்று பிடித்துவிட்டேன். சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. கடைசியில் தெரிந்தது, அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. மெஷின் சும்மா இருக்கிற நேரத்தை எழுதுகிற கணக்கு அது. 96 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ஓய்வு என்று அர்த்தம். சும்மா இருப்பவர் பட்டியலில் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார், அவரை யாராலும் எழுப்ப முடியாது. என் மாமனார் ஞாபகம் வந்தது. வீட்டில் இந்தப் பேப்பரை அவரும் படிப்பார் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்துக் கண்ணில் பட்டது 'ஸ்பூலர்' என்று ஒரு பெயர். வாயில் நுழைகிற பெயராக இல்லையே, வேண்டாதவர்தான் என்று எண்ட் டாஸ்க் கொடுத்தேன். போயிற்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது. வைரஸ்தான் இப்படித் திரும்பத் திரும்ப வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடைசியாக ஒரு அழுத்து அழுத்தினேன், அதற்குப் பிறகு வரவில்லை. வென்றுவிட்டேன் என்று டீக்குச் சொல்லி அனுப்பினேன்.

பத்தரை மணிக்கு ஒரு அம்மா வருமானச் சான்றிதழ் பிரிண்ட் எடுக்க வந்தார். பிரிண்ட் கொடுத்தால் வரவில்லை. மெஷினில் பிரிண்டரே இல்லை என்கிறது. பிரிண்டர் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், டோனரை எடுத்து ஆட்டினேன், பேப்பர் தட்டைத் தட்டினேன். ஆள் சேர்ந்துவிட்டது. ஸ்பூலர் என்பது யார் தெரியுமா? வருகிற பிரிண்டையெல்லாம் வாங்கி, வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குள் அனுப்புகிறவர். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் முதல் காரியமாக அவரைத்தான் தீர்த்துக் கட்டியிருக்கிறேன். டோக்கன் கொடுக்கிறவரைத் துரத்திவிட்டு, கூட்டம் ஏன் நகரவில்லை என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ரீஸ்டார்ட் செய்ததும் அவர் பழையபடி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மை நமக்கு வராது. ரீஸ்டார்ட் ஆக எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள், அது வேறு கதை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரீஸ்டார்ட் ஆனதில் ஸ்பூலர் மட்டுமா திரும்பி வந்தது? காலையில் நான் நிறுத்திய பிரிண்டர் அப்டேட்டர், வீடியோ அழைப்பு எல்லாம் குளித்து முழுகிப் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தன. மறுபடி களை பறித்தேன். இந்த முறை, மூன்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்த ஒரு சின்னப் புரோகிராமும் சேர்ந்து போயிற்று. அது எடுத்துக்கொண்டிருந்த இடம் 5 எம்பிகூட இல்லை. களை என்றால் சின்னதென்ன, பெரியதென்ன?

கடையில் வேலை பார்க்கும் பெண் தமிழ்99 விசைப்பலகையில், அதாவது இங்கிலீஷ் சாவிகளிலேயே தமிழ் எழுத்து வருகிற முறையில், பழகியவள். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபடியே அடிப்பாள், திரையை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவ்வளவு வேகம், அவ்வளவு நம்பிக்கை. அன்று வடுவூர்க்காரர் ஒருவர் மகன் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் எழுதிக்கொண்டு வந்து, ப்ரூஃப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காலையில் செய்த சேவையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனாள். திருமண நிகழ்ச்சி, மணமகன், மணமகள், முகூர்த்த நேரம், விருந்துபசாரம் என்று முக்கால் பக்கம். வடுவூர்க்காரர்தான் முதலில் பார்த்தார்.

"ஏங்க, பையன் சிங்கப்பூர்ல இருக்கான்னு சொன்னேன், அதுக்காகப் பத்திரிகையும் அந்த ஊரு பாஷையிலயா?"

எட்டிப் பார்த்தேன். மணமகன் என்று இருக்க வேண்டிய இடத்தில் கே, பி, கே, எச், ஐ, எஃப். மணமகளுக்கு அதே வரிசை, ஐ இருந்த இடத்தில் மட்டும் ஒய். பொருத்தம் பிரமாதம், ஒரே எழுத்துதான் வித்தியாசம். பக்கம் முழுக்க அதே கோலம்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் தமிழ்த் தட்டச்சு புரோகிராமின் குட்டிப் படம் எப்போதும் போல இருந்தது. அது இருக்கிறதே, பிறகு ஏன் தமிழ் வரவில்லை என்று மவுஸை அதன் கிட்டே கொண்டுபோனேன். தொட்டவுடன் படம் மறைந்துவிட்டது. நான் களை என்று பறித்த மூன்றெழுத்துக்காரர் இவர்தான். உயிர் காலையிலேயே போயிருக்கிறது, உருவம் மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது. பதினைந்து வருடமாக அந்தப் புரோகிராமை வைத்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். அதன் படம் தெரியும், எந்தச் சாவியை அழுத்தினால் எந்த எழுத்து என்று தெரியும். பட்டியலில் அது எந்தப் பெயரில் இருக்கும் என்று மட்டும் தெரியாது. ஊரெல்லாம் பாப்பாக்கா என்று கூப்பிடுகிற அம்மாளுக்கு ஆதார் எடுக்கும்போதுதான் ராஜேஸ்வரி என்று தெரியும், இல்லையா? ராஜேஸ்வரி யாரென்று தெரியாமல் பாப்பாக்காவை வெளியே அனுப்பிவிட்டேன்.

வடுவூர்க்காரர் மேட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போனார். வேலை பார்க்கும் பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டேன். அவன் சென்னையில் ஒரு கம்பெனியில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிற சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்புறம் அவன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவர்களுக்கு இதற்கென்று தனி உத்தரவே இருக்கிறதாம், அதன் பெயரே 'கில்'. வெறும் கில் என்று கொடுத்தால் 15ஆம் நம்பர் போகும். அது நோட்டீஸ் மாதிரி, சாமான்களை எடுத்துக்கொண்டு காலி செய்யப்பா என்று அர்த்தம். கேட்காவிட்டால் 9ஆம் நம்பர். அது ஜேசிபி. சேவ் செய்யாத கோப்பு, பாதியில் நிற்கும் வேலை எதையும் பார்க்காது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மனைவி அடுப்படியிலிருந்து "யாரைடா கொல்லச் சொல்றே?" என்று கேட்டாள்.

அதைவிட ஒன்று சொன்னான், கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே செத்த பிறகும் பட்டியலில் நிற்கிற புராசஸ்கள் உண்டாம். ஜோம்பி என்று பெயர். 9ஆம் நம்பரே கொடுத்தாலும் போகாது, செத்ததை எப்படி மறுபடி சாகடிப்பது? இடமோ சாப்பாடோ கேட்காது, பட்டியலில் ஒரு வரி மட்டும் நிற்கும். அதைப் பெற்ற புராசஸ் வந்து, ஆமாம், என் பிள்ளை இன்ன காரணத்தால் முடிந்தது என்று குறித்துக்கொண்டால்தான் அந்த வரி நீங்கும். நான் கேட்டேன், "இறப்புச் சான்றிதழ் வாங்கினாத்தான் ரேஷன் கார்டுல பேரு எடுப்பாங்க, அதுதானே?" அவன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அதேதான்ப்பா" என்றான். பெற்றது முன்னால் செத்து, பிள்ளை அநாதையானால்? வழக்கமாக 1ஆம் நம்பர் புராசஸ் தத்து எடுத்துக்கொள்ளுமாம். சிஸ்டம் தொடங்கும்போது முதலில் பிறந்தது அது. அதுவே அந்தப் பிள்ளைகளுக்குக் காரியமும் செய்து, பட்டியலிலிருந்து பெயரும் எடுக்குமாம். வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை குடும்பங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இப்படி ஒரு 1ஆம் நம்பர் எல்லார் வீட்டிலும் இருந்துவிட்டால் என் வருமானத்தில் கால்வாசி போய்விடும்.

இந்த டாஸ்க் மேனேஜரை எழுதியவர் பெயர் டேவ் பிளம்மர் என்றும் சொன்னான். முதலில் தன் வீட்டு உபயோகத்துக்காக எழுத ஆரம்பித்தாராம், பிறகு 1996இல் விண்டோஸ் என்டி 4.0வில் அது இடம்பிடித்தது. வீட்டுக்காக அரைத்த ஊறுகாயை ஊருக்கே விற்ற மாதிரி. தனக்கு என்று எழுதியதில் எச்சரிக்கைப் பலகை எதற்கு என்று விட்டிருப்பாரோ என்னவோ, அது என் ஊகம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகன் மறுநாள் காலை தூரத்திலிருந்தே என் திரையை அவன் திரையில் வரவழைத்துப் பார்த்தான். முதல் கேள்வியே "நீங்க ஏன்ப்பா சிபியுவைப் பாக்குறீங்க, டிஸ்க் கட்டத்தைப் பாருங்க." அங்கே 100 என்று சிவந்துபோய் இருந்தது. சிபியு ஓய்வாக இருக்கிறது, ஹார்டு டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. ராம் 4 ஜிபியும் நிறைந்துவிட்டால் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்குமாம். எங்கள் கடையில் மேஜை நிறைந்தால் பேப்பரைத் தரையில் அடுக்கி, வேண்டும்போது குனிந்து தேடுவோமே, அந்த வேலை. நான் 5 எம்பி புராசஸைக் கொன்றதில் அதற்கு ஒரு மூச்சுகூட மிச்சமாகவில்லை.

அப்புறம், அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்-அப்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. தங்கள் செய்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு வருத்தம் அதில்தான். எண்ட் டாஸ்க் என்பது பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது. அடுத்த நாள் காலை அவர் முதல் பந்திக்கே வந்துவிடுவார். ஸ்டார்ட்-அப் பக்கம்தான் மண்டபத்து வாசல். மெஷின் ஆன் ஆகும்போது கூடவே யார் யார் உள்ளே வருகிறார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. வேண்டாதவர் மேல் சொடுக்கி 'டிஸேபிள்' கொடுத்தால் மறுநாளிலிருந்து தானாக வர மாட்டார், நாமே கூப்பிட்டால் மட்டும் வருவார். என் பட்டியலில் பதினேழு பேர், பதினொருவரை நிறுத்தினோம். பிரிண்டர் அப்டேட்டரை மட்டும் டிஸேபிள் செய்யாமல், கண்ட்ரோல் பேனலில் போய் அடியோடு அன்இன்ஸ்டால் செய்தான். தமிழ்த் தட்டச்சு மேல் கை போனபோது நானும் வேலை பார்க்கும் பெண்ணும் ஒரே குரலில் "ஐயோ, அது வேண்டாம்" என்று கத்தினோம்.

தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் அதன் மேல் வலது பக்கம் சொடுக்கி, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்துப் பார்க்கச் சொன்னான். எந்த ஊர்க்காரர் என்று அது காட்டிவிடும். எஸ்விசிஹோஸ்ட் என்று சொல்லிக்கொண்டு விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32வில் இல்லாமல், டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ டெம்ப் ஃபோல்டரிலோ குடியிருந்தால் அவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு சங்கதி போதும், தங்கள் பெட்டிச் செய்தி முழுப் பக்கத்துக்கு மதிப்புப் பெற்றிருக்கும். மெஷினுக்கு இப்போது சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி மாட்டி, இன்னொரு 4 ஜிபி ராமும் போட்டுவிட்டேன். ஓடிபி உயிரோடு இருக்கும்போதே கட்டம் வருகிறது.

ஆகவே, அடுத்த முறை இந்த மாதிரி யோசனை போடும்போது 'வேண்டாத' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தொடக் கூடாத நாலு பெயரையாவது போடுங்கள். ஸ்பூலரை முதலில் போடுங்கள், எங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம்.

வடுவூர்க்காரர் சொன்னபடி சாயங்காலம் வந்தார். பத்திரிகை நல்லபடியாக அச்சாகி, 400 பிரதி கொடுத்தாயிற்று. எனக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனார், "மாப்பிள்ளை பேரை ஒருதரம் நீங்களே படிச்சுப் பாத்துட்டு வாங்க" என்று.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
மன்னார்குடி

பின்குறிப்பு: பெயர் போட வேண்டாம், அடுத்த கடைக்காரரும் தங்கள் வாசகர்தான். இந்தக் கடிதத்தையும் நானே தமிழ்99இல்தான் அடித்தேன். இடையில் எங்காவது கே, பி, கே, எச், ஐ, எஃப் என்று வந்திருந்தால், மணமகன் என்று திருத்திக்கொள்ளவும்.